சுங்கை சிப்புட் பிரேம் கடையும் மாணவர் ஓவியக் கண்காட்சியும்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டின் பழைய கடைவரிசையில் சாமிப் படங்களுக்கும் திருமணப் படங்களுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் சட்டம் போட்டுத் தரும் ஒரு கடை, அண்மையில் எங்கள் வட்டாரத்தில் மூன்று நாள் நடைபெற்ற கலைத் திருவிழாவில் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் பணியை முழுமையாக ஏற்றுச் செய்தது. ஓவியங்களை அட்டையில் பொருத்துவது, தேவைப்பட்டவற்றுக்குச் சட்டம் போடுவது, தடுப்புப் பலகைகளை வாடகைக்குக் கொடுத்து மண்டபத்தில் நிறுத்துவது, பெயர் அட்டைகளை அச்சிடுவது, விழா முடிந்ததும் படங்களைக் கழற்றிப் பத்திரமாகப் பள்ளிகளுக்குத் திருப்பி அனுப்புவது ஆகிய எல்லாம் அந்தச் சேவைக்குள் அடங்கியிருந்தன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் காட்சிக் கலைக் கல்விப் பணித்தியத்தின் (அந்தப் பாட ஆசிரியர் குழுவின்) பொறுப்பாசிரியராக இருப்பதால், இந்தப் பணியைத் தொடக்கத்திலிருந்து அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இதே சேவையைத் தங்கள் பள்ளிக்கோ கோயில் விழாவுக்கோ பயன்படுத்தலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்டதால் இந்த மதிப்பீட்டை விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாளில் வரைந்த படைப்புகளுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் நாடலாம். களிமண், பெட்டி, நார் முதலியவற்றால் செய்த படைப்புகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். இந்த இரண்டுக்கும் இடையில் விலை, விளக்கு, எழுத்துப் பிழை என்று சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும்விட என் மனத்தில் நின்றது, குழந்தையின் படம்தானே என்ற அலட்சியம் அந்தக் கடையில் எங்கேயும் தென்படவில்லை என்பதுதான். பணம் கொடுத்து முருகன் படத்துக்குச் சட்டம் போடக் கொண்டுவருபவரின் பொருளை எந்தக் கவனத்தோடு கையில் வாங்குவார்களோ, அதே கவனத்தோடு இரண்டாம் ஆண்டு மாணவனின் மெழுகு வண்ணப் படத்தையும் வாங்கி, மேசையில் விரித்து, அவன் பெயரைப் பின்புறம் பென்சிலால் எழுதிய பிறகே அடுத்த படத்தைத் தொட்டார்கள்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளி விழாக்களிலும் ஊர் விழாக்களிலும் மாணவர் படைப்புகள் எப்படிக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சூடான பசையால் பாலிஸ்டிரின் பலகையில் ஒட்டுவார்கள். விழா முடிந்து பிய்க்கும்போது படத்தின் பின்பகுதி பலகையோடு போய்விடும். கயிற்றில் துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். மண்டபத்தின் மின்விசிறிக் காற்றில் படங்கள் நாள் முழுவதும் திரும்பியபடியே இருக்கும், வந்தவர்கள் பாதி நேரம் வெள்ளைத் தாளின் முதுகையே பார்ப்பார்கள். இன்னொரு வழக்கம் லேமினேட் செய்வது. மெழுகு வண்ணம் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டுவதற்குள்ளாகவே இளகிவிடும். லேமினேட் இயந்திரமோ 100 டிகிரிக்கும் மேல் சூடாகும். மாணவன் அழுத்தி அழுத்திப் பூசிய வண்ணம் உருகி, பிளாஸ்டிக் உறைக்குள் கறையாகப் படர்ந்து வெளியே வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பொரு விழாவில் வேறொரு ஒப்பந்தக்காரர் எங்கள் பள்ளிப் படங்களை அப்படித்தான் செய்து கொடுத்தார். அந்தப் படங்களை வரைந்த பிள்ளைகளிடம் அவற்றைத் திருப்பிக் கொடுத்த நாளை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

இந்தக் கடையில் ஒரு படம்கூட நேரடியாகப் பலகையில் ஒட்டப்படவில்லை. கடைக்காரர் முதலில் செய்தது, படங்களை அவை வரையப்பட்ட வண்ணத்தின்படி தனித்தனி அடுக்குகளாகப் பிரித்ததுதான். நீர் வண்ணமும் போஸ்டர் வண்ணமும் ஓரடுக்கு, மெழுகு வண்ணம் ஓரடுக்கு, ஆயில் பாஸ்டல் ஓரடுக்கு, பென்சிலும் கரிக்கோலும் ஓரடுக்கு, ஒட்டுப்படங்கள் ஓரடுக்கு. மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண ஓவியத் தாள், நீர் பட்டுக் காய்ந்தால் விளிம்பில் நெளிந்துவிடும். அந்த நெளிவை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நிமிர்த்தலாம் என்று எங்கள் பக்கம் ஒருவர் யோசனை சொன்னபோது கடைக்காரர் உறுதியாக மறுத்துவிட்டார். படத்தின் பின்புறத்தை மட்டும் மிக மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிட்டார். போஸ்டர் வண்ணம் கெட்டியாகப் பூசப்பட்ட படங்களுக்கு அந்த ஈரமும் காட்டவில்லை. ஏனென்றால் காய்ந்த போஸ்டர் வண்ணம் வளைந்தால் பொருக்காக உதிரும், நனைந்தால் மீண்டும் கரையும். அவற்றின் நெளிவை அப்படியே ஏற்றுக்கொண்டு, விளிம்பை மறைக்கும்படி மவுண்ட் அட்டையின் சாளரத்தைச் சற்றுச் சிறிதாக வெட்டினார்.

மவுண்ட் அட்டை என்பது படத்தைச் சுற்றி வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் தெரியும் கெட்டியான அட்டை விளிம்பு. பலர் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். படத்தின் மேல் கண்ணாடி படாமல் இடைவெளி விடுவதே அதன் முதல் வேலை. நம் நாட்டு ஈரக் காற்றில் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும் தாள் சில மாதங்களில் பூஞ்சை பிடித்துக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய குடும்பப் படங்களைச் சட்டத்திலிருந்து கழற்ற முயன்றவர்களுக்கு இது தெரியும். கடைக்காரர் படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சிறு காகித ஒட்டுகளைப் போட்டு, மற்ற மூன்று பக்கங்களையும் தளர்வாக விட்டார். காற்றில் ஈரம் கூடும்போது தாள் விரியும், குறையும்போது சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் நடுவில் குமிழ் எழும் என்று அவர் விளக்கினார். இதை அவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை. உதவிக்கு வந்திருந்த ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து, ஒவ்வொருவரையும் ஒரு படத்துக்கு ஒட்டுப் போடச் செய்தார். 45 பாகைச் சாய்வில் அட்டையை வெட்டும் கத்தியை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை.

ஆயில் பாஸ்டல் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பள்ளிகளில் இப்போது மிகுதியாகப் பயன்படுவது அதுதான். அந்த வண்ணத்தில் உள்ள எண்ணெய் காய்ந்து இறுகாத வகையைச் சேர்ந்தது; வரைந்து ஓராண்டு ஆனாலும் விரலால் தேய்த்தால் வண்ணம் கையோடு வரும். இப்படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பிய பள்ளிகள் சில உண்டு. கடைக்காரர் அவற்றைப் பிரித்து இடையிடையே வழுவழுப்பான மெழுகுத் தாளை வைத்தார். அக்ரிலிக் தகட்டைவிடக் கண்ணாடியே இவற்றுக்கும் கரிக்கோல் படங்களுக்கும் நல்லது என்றும், அக்ரிலிக்கைத் துடைக்கும்போது உண்டாகும் நிலை மின்சாரம் கரித்தூளைத் தன்பக்கம் இழுத்துவிடும் என்றும் அவர் சொன்னதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். மண்டபத்தில் மூன்று நாள் மட்டுமே காட்சி என்பதால், பெரும்பாலான படங்கள் கண்ணாடியே இல்லாமல் மவுண்ட் அட்டையோடு மட்டும் வைக்கப்பட்டன. இது செலவைக் குறைத்ததோடு, குழல்விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திருப்பி அடிக்கும் தொல்லையையும் தவிர்த்தது.

படங்கள் மாட்டப்பட்ட உயரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கலைக்கூடங்களில் பொதுவாகப் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டுவார்கள். நிற்கும் பெரியவரின் கண் அந்த மட்டத்தில் இருக்கும் என்பதே காரணம். முதலாம் ஆண்டு மாணவனின் முழு உயரமே சுமார் 120 சென்டிமீட்டர்தான். எங்கள் அரங்கில் முதல் மூன்று ஆண்டு மாணவர்களின் படங்கள் பெரியவர்கள் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டிய உயரத்திலும், மேல் வகுப்பு மாணவர்களின் படங்கள் அதற்குச் சற்று மேலும் மாட்டப்பட்டன. இது விழாக் குழுவின் யோசனை. கடைக்காரர் முதலில் தயங்கினார்; பிறகு தன் தடுப்புப் பலகைகளில் இருந்த கொக்கிகளைக் கழற்றி, கீழே புதிதாகத் துளையிட்டு மாட்டிக் கொடுத்தார். அதற்குத் தனிக்கட்டணம் கேட்கவில்லை. தம் படத்தின் முன்னால் நின்று, யாரும் தூக்கிப் பிடிக்காமல், தம் கண்ணுக்கு நேராக அதைப் பார்த்த சிறு பிள்ளைகள் அருகில் இருந்த நண்பனின் படத்தையும் பார்த்தார்கள், அதைப் பற்றிப் பேசினார்கள். உயரத்தில் மாட்டிய படங்களுக்கு முன்னால் இப்படிப்பட்ட பேச்சை நான் கேட்டதில்லை.

வெளிச்சம் அந்த அளவுக்குச் சரியாக அமையவில்லை. மண்டபத்தின் மேற்குப் பக்கச் சன்னல்களில் திரை கிடையாது. பிற்பகலில் வெயில் நேராக ஒரு வரிசைப் படங்களின் மேல் விழுந்தது. அந்த வரிசையில் பாதிப் படங்கள் மார்க்கர் பேனாவால் வரைந்தவை. மார்க்கர் மையின் சாயம் வெயிலில் விரைவாக மங்கும் தன்மையுடையது. முதல் நாள் மாலையே இதைச் சொன்னபோது, கடையின் ஆட்கள் அந்தப் பலகைகளை மறுபக்கம் திருப்பி நிறுத்தினார்கள். ஆனால் மண்டபத்தை முன்கூட்டியே பிற்பகல் வேளையில் வந்து பார்த்திருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. கண்காட்சி அமைத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடை, இதைத் தன் கடமையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, காட்சியில் இருந்த படைப்புகளுக்கு வருகிறேன். விழாவுக்குக் கொடுத்த தலைப்பு, குடும்பத்தில் மூத்தவர் ஒருவரின் வேலை. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் குறைந்து, எண்ணெய்ப் பனையான செம்பனையே மிகுந்துவிட்டது. பல குடும்பங்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளை விட்டு, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டன. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் மரம் வெட்டுவதை, அதாவது பாலெடுக்க மரத்தின் பட்டையைச் சீவுவதை, நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே அவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரைய வேண்டியிருந்தது. கேட்டதும் வரைந்ததும் சேர்ந்து அந்த அரங்கைச் சாதாரண ஓவியப் போட்டியிலிருந்து வேறாக்கிவிட்டன. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள், பால் சுமக்கும் காண்டா வாளியைத் தோளில் தாங்கி நடக்கும் பெண்கள், செம்பனைக் குலையை லாரியில் ஏற்றும் அப்பா, தொழிற்சாலைச் சீருடையில் இரவு வேலைக்குக் கிளம்பும் அம்மா என்று எல்லாம் அங்கே இருந்தன. அருகிலுள்ள கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதைப் பள்ளிப் பயணத்தில் பார்த்து வந்த ஒரு மாணவன், மரத்தின் அடியில் தன் கொள்ளுப்பாட்டியை உட்கார வைத்து வரைந்திருந்தான்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் போஸ்டர் வண்ணப் படம் அந்த அரங்கில் அதிக நேரம் ஆட்களை நிறுத்தி வைத்தது. கருநீல வானம், நெற்றியில் விளக்குக் கட்டிய ஒருவர், அவருக்கு முன்னால் இரண்டு பால்மரங்கள், பாலைப் பிடிக்க மரத்தில் கம்பியால் கட்டிய மங்கு, வெட்டிலிருந்து வழியும் வெள்ளைக் கோடு. படத்தின் கீழே இருந்த அட்டையில், “என் தாத்தா விடியுமுன் மரம் வெட்டப் போவார். அப்போது நான் பிறக்கவில்லை” என்று அவளே எழுதியிருந்தாள். இருட்டை அவள் சரியாகப் பிடித்திருந்தாள். விடியற்காலையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் பால்வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடும்.

அந்தப் படத்தின் முன்னால் பெரியவர் ஒருவர் வெகுநேரம் நின்றிருந்தார். பிறகு அந்த மாணவியை அருகில் அழைத்து, “அம்மாடி, படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வெட்டு இப்படி இறங்காது. நீ மரத்தைப் பார்த்து நின்னா, இடது கைப்பக்கம் மேலே ஆரம்பிச்சு வலது கைப்பக்கம் கீழே இறங்கும்” என்று சொல்லி, காற்றில் கையைச் சாய்த்து வெட்டிக் காட்டினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறாமல் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தே ஏறுகின்றன. இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக வெட்டும்போதுதான் அதிகமான குழாய்கள் அறுபடும், பாலும் கூடுதலாகக் கிடைக்கும். மாணவியின் படத்தில் வெட்டு எதிர்ப்பக்கமாக இறங்கியிருந்தது.

அவள் என்னிடம் வந்து, “டீச்சர், திருத்தட்டுமா?” என்று கேட்டாள். வண்ணம் காய்ந்து மவுண்ட் ஆன படத்தைத் தொட வேண்டாம் என்றும், தெரிந்துகொண்டதை அட்டையில் எழுதலாம் என்றும் முடிவு செய்தோம். கடையின் அமைப்பு இந்த இடத்தில் கைகொடுத்தது. பெயர் அட்டைகளைப் பலகையில் ஒட்டாமல், ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு சிறு பிளாஸ்டிக் பள்ளத்தில் செருகியிருந்தார்கள். கடைக்காரர் உடனே வெற்று அட்டை ஒன்றை எடுத்துக் கொடுக்க, அவள் முதல் இரண்டு வரிகளையும் அப்படியே எழுதி, அதற்குக் கீழே வெட்டு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இறங்கும் என்பதையும், அதைச் சொல்லிக் கொடுத்தவர் பால்மரம் வெட்டிய ஒரு தாத்தா என்பதையும் சேர்த்து எழுதினாள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அட்டையைப் படித்தார்கள், மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். மாணவர் படைப்பைக் காட்சிக்கு வைப்பதில் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: வரைந்தவரும் பார்ப்பவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு படைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக இந்த ஊரைச் சேர்ந்தவரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தன் பாட்டி அதில் உறுப்பினராகச் சேர்ந்த கதையை ஒரு மாணவன் ஒட்டுப்படமாகச் செய்திருந்தான். பழைய சேலைத் துண்டு, காய்ந்த ரப்பர் இலை, உறுப்பினர் புத்தகத்தின் நகல் எல்லாம் அதில் இருந்தன. இலை மேடாக நின்றதால் சாதாரணச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. கடையில் அதற்கென்று ஆழமான சட்டம் ஒன்றைச் செய்து, உள்ளே மரக்கட்டைகளை இடைவெளிக்கு வைத்து, இலை கண்ணாடியில் படாதபடி அமைத்துக் கொடுத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது.

பெயர் அட்டைகளின் அமைப்பைப் புகழ்ந்தேன். அவற்றின் அச்சைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. கடையில் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கவில்லை. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தை விட்டு விலகி நின்றன. சில இடங்களில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் விழுந்திருந்தது. மலாய் வரிகள் தெளிவாக இருக்க, தமிழ் வரிகள் சிதைந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள் அவை. சரிபார்ப்பதற்காக ஒரு படி முன்கூட்டியே எங்களுக்கு அனுப்பப்படவில்லை. விழா தொடங்குவதற்கு முதல் நாள் மாலை மாணவர்களே உட்கார்ந்து அட்டைகளைக் கையால் எழுதினார்கள். கையெழுத்து அட்டைகள் அச்சட்டைகளைவிட அழகாக அமைந்தன. ஆனாலும் கட்டணத்தில் அச்சு வேலையும் சேர்ந்திருந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். கடைக்காரர் அந்தத் தொகையைப் பிறகு கழித்துக் கொடுத்துவிட்டார்.

தாளுக்கு வெளியே உள்ள படைப்புகளில்தான் இந்தச் சேவை தடுமாறுகிறது. எங்கள் பாடத்திட்டம் படம் வரைவதோடு நிற்பதில்லை; வடிவங்கள் அமைப்பது, உருவங்கள் செய்வது, பாரம்பரியக் கைவினைகளை அறிவது ஆகியவையும் அதில் உண்டு. பேராக்கின் புகழ்பெற்ற லாபு சாயோங் மண்குடத்தைப் பார்த்து மாணவர்கள் களிமண்ணில் குடங்கள் செய்திருந்தார்கள். கோலகங்சாருக்கு அருகிலுள்ள சாயோங்கில் அக்குடத்தைச் சுட்டெடுத்து, சூடு ஆறுமுன் உமியில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். எங்கள் பிள்ளைகள் செய்தவை சுடாத களிமண், கறுப்பு வண்ணம் பூசியவை, ஆகவே எளிதில் உடையக்கூடியவை. இவற்றை வைக்கக் கடை கொடுத்த பெட்டிகள் மெல்லிய பலகையால் ஆனவை. யாராவது பக்கத்தில் நடந்தாலே ஆடின. மண்டபத்தின் நடுவில், ஆட்கள் திரும்பும் இடத்தில் அவற்றை வைத்ததும் தவறான தேர்வு. முதல் நாளே ஒரு குடத்தின் கழுத்து உடைந்தது. செய்த மாணவன் அழவில்லை. ஆனால் அன்று முழுவதும் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு நாங்கள் பள்ளியிலிருந்து மேசைகளைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டு, குடங்களை அவற்றின் மேல் மாற்றினோம்.

பரிசு நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை. இது கடையின் பொறுப்பு அன்று, விழாக் குழுவின் முடிவு; ஆனாலும் காட்சியைப் பாதித்தது. நிறைவு நாளில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று சிவப்பு நாடாக்களைப் படங்களின் மேல் குத்தினார்கள். அதுவரை ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று பார்த்த கூட்டம், அந்த நேரத்துக்குப் பிறகு நாடா உள்ள படங்களை மட்டும் தேடிப்போய்ப் பார்த்தது. வருடம் முழுவதும் வண்ணம் தீட்டும் போட்டிகளை நடத்தி, கோட்டுக்கு வெளியே போகாமல் பூசுவதே ஓவியம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். ஊர்க் கலைத் திருவிழாவிலாவது படைப்பைத் தரம் பிரிக்காமல் காட்டலாம் என்பது என் உறுதியான கருத்து. கலந்துகொண்ட எல்லாருக்கும் நற்சான்றிதழ் கொடுத்தார்கள், அதுவே போதுமானது.

இந்த அரங்கு எங்கள் ஊருக்கு எவ்வளவு தேவையானது என்பதை வெளியூர் வாசகர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் 1958-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது; ஆனால் அது இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகளுக்கு அவ்வளவு தொலைவு பேருந்து ஏற்பாடு செய்வது பெருஞ்செலவு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, ஒழுங்காக மாட்டப்பட்ட ஓவியங்களின் நடுவில் நடந்துபோகும் அனுபவம் இதுவே முதல் முறை. அவர்களின் பெற்றோருக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்த குடும்பங்கள், தம் பிள்ளையின் படத்தோடு புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகும் கிளம்பாமல், மற்றப் பிள்ளைகளின் அட்டைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தன.

விலை நியாயமானது. ஏ3 அளவுப் படத்துக்கு மவுண்ட் மட்டும் 9 ரிங்கிட். மரச்சட்டமும் கண்ணாடியும் சேர்த்தால் 28 ரிங்கிட். பலகை வாடகையும் ஏற்றியிறக்கும் கூலியும் தனி. எங்கள் பள்ளியில் மவுண்ட் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது; சட்டம் போடுவதை எந்தப் பெற்றோரிடமும் வற்புறுத்தவில்லை. கடைக்காரரின் ஒரு யோசனை எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. பின்பலகையை ஆணியடித்து மூடாமல், திருகினால் திறக்கும் சிறு தாழ்களைப் பொருத்திய சட்டங்களை அவர் செய்து தருகிறார். அவற்றைப் பள்ளி ஒரு முறை வாங்கிவிட்டால், ஒவ்வொரு தவணைக்கும் வேறு வேறு மாணவர்களின் படங்களை மாற்றி மாற்றி வைக்கலாம். பள்ளி நடைபாதையில் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

திருப்பி அனுப்பும் பணியில் குறையே இல்லை. ஒவ்வொரு படமும் மெழுகுத் தாளில் சுற்றப்பட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில், பெயர் வெளியே தெரியும்படி வந்து சேர்ந்தது. சட்டம் போட்ட படங்களில் இரண்டின் மூலைகள் விரிந்திருந்தன. கடைக்கு எடுத்துப் போனதும் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுத்தார்கள். படங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்ற பெற்றோருக்குக் கடைக்காரர் சொல்லி அனுப்பிய அறிவுரையையும் இங்கே பதிவு செய்கிறேன். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்ட வேண்டாம், அந்தச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப் போகும். இராமபாணப் பூச்சியும் கரையானும் பின்பக்க அட்டை வழியாகத்தான் நுழையும், ஆகவே பின்புற விளிம்பு முழுவதும் காகித நாடா ஒட்டியிருக்க வேண்டும். சட்டம் போடாத படங்களைச் சுருட்டி வைக்காமல் தட்டையாக வைக்க வேண்டும்.

அடுத்த முறை இந்தக் கடையைப் பயன்படுத்த விரும்பும் பள்ளிகளும் விழாக் குழுக்களும் சிலவற்றை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் அட்டைகளைத் தாங்களே தட்டச்சு செய்து பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள், அல்லது பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மண்டபத்தைக் கடைக்காரரோடு சேர்ந்து பிற்பகலில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். களிமண் பொருள்களுக்குச் சொந்த மேசைகளை ஏற்பாடு செய்யுங்கள். கனமான பீடங்களைச் செய்து வைக்கிறேன் என்று கடைக்காரர் கூறியிருக்கிறார், அவை தயாரானதும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். படங்களை விழாவுக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பாகக் கொடுத்துவிடுவது நல்லது. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் மட்டும் இந்த வேலைக்கு அவரை அணுக வேண்டாம்; அப்போது வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பழைய சாமிப் படங்களுக்குப் புதிய சட்டம் போடக் கொண்டுவருபவர்களின் வேலையே கடை நிறைய இருக்கும், புதிய வேலை எதையும் அவர் ஏற்பதில்லை.